பழைய எம்எக்ஸ்-5: இன்ஜின் மவுண்டிங் எதைப் போடுவது? (மதுரை)

வண்டியூர்வாசி:

வணக்கம். வண்டி 1991 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர், கூரையை மடக்கிப் போடும் டூ சீட்டர். பெரியப்பா சிங்கப்பூர் வேலையை முடித்துக்கொண்டு 1993-ல் ஊர் திரும்பியபோது கூடவே கொண்டுவந்தது. அவருக்கு இப்போது முழங்கால் மடங்குவதில்லை, ஆகவே சாவி என்னிடம் வந்துவிட்டது. ஞாயிறு காலையில் அழகர்கோவில் ரோடு, மழை முடிந்தால் ஒருமுறை சிறுமலை, ஓட்டம் அவ்வளவுதான்.

பிரச்சினை நடுக்கம். ஓடும்போது ஒன்றும் தெரியாது. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங், சீட், கதவு எல்லாம் உதறும். ஏசி போட்டால் கேட்கவே வேண்டாம். போன வாரம் ஒத்தக்கடையில் லாரிக்குப் பின்னால் நின்றபோது ரியர்வியூ கண்ணாடியில் யானைமலை இரண்டாகத் தெரிந்தது. தவிர, ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம்.

இரண்டு வருடம் முன்பு சைலன்சர் பக்கத்து மவுண்டிங் (இன்ஜினைத் தாங்கும் ரப்பர் தாங்கி) கிழிந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில், "இதுக்கெல்லாம் ஸ்பேர் வராது சார்" என்று சொல்லி, ஏதோ டீசல் வண்டியின் மவுண்டிங்கை லேத்தில் கடைந்து மாட்டிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்துதான் நடுக்கம். எதிர்ப்பக்கம் இருப்பது கம்பெனியில் வந்த பழையது.

இப்போது மூன்று வழி தெரிகிறது. ஒரிஜினலை ஜப்பானிலிருந்து வரவழைப்பது, ரப்பரைவிடக் கெட்டியான யூரித்தேன் மவுண்டிங் வாங்குவது, இல்லையென்றால் கப்பலூரில் யாரிடமாவது ரப்பர் வார்த்து வாங்குவது. எதைச் செய்யலாம்?

புதூர் டர்போ:

யோசிக்காமல் யூரித்தேன் போடுங்கள். ஆயுசுக்கும் கிழியாது. கியர் மாற்றினால் துப்பாக்கிக் குதிரையை இழுத்த மாதிரி இருக்கும். நான் என் ஹாட்ச்பேக்கில் போட்டிருக்கிறேன்.

வண்டியூர்வாசி:

நடுக்கம் எப்படி அண்ணே?

புதூர் டர்போ:

இருக்கும். பழகிவிடும்.

சிறுமலை பதினெட்டு:

பழகிவிடும் என்று சொல்வதற்கு எதற்குச் செலவு செய்ய வேண்டும், இப்போதே பழகிக்கொள்ளலாமே.

தம்பி, முதலில் இந்த வண்டி எதில் தொங்குகிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸையும், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிபரன்ஷியலையும் நீளமான ஒரு அலுமினியச் சட்டம் ஒன்றாகப் பிடித்திருக்கும். கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்டிங் கிடையாது. முன்னால் இன்ஜினுக்கு இரண்டு, பின்னால் டிபரன்ஷியலுக்கு இரண்டு, மொத்தம் நாலு ரப்பர்தான். மற்ற வண்டிகளில் மூன்றாவது மவுண்டிங் ஒன்று கொஞ்சம் சமாளித்துக் கொடுக்கும். இதில் முன்னால் ஒரு பக்கம் ஏறியோ இறங்கியோ இருந்தால் முழுத் தொகுதியும் சாய்ந்து நிற்கும். 'டொக்' சத்தம் அங்கிருந்து வரலாம், சைலன்சர் குழாய் பாடியில் இடிப்பதாகவும் இருக்கலாம். அடியில் படுத்துக் குழாய் பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு. நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். இந்த வண்டியின் ஐடில், அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் சுற்றும் வேகம், 850 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 850 சுற்று). அப்படியென்றால் நொடிக்கு 28 வெடிப்பு. மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் ஊஞ்சல் மாதிரி சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டு. வெடிப்பு வேகம் அந்த ஆட்டத்தைப் போல சுமார் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் ரப்பர் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். 28-க்கு என்றால் சொந்த ஆட்டம் 20-க்குக் கீழே இருக்க வேண்டும். மவுண்டிங் கெட்டியாக ஆக அந்த எண் மேலே ஏறும். யூரித்தேனில் நின்றால் உதறுவதும் ஓடினால் சரியாவதும் இதனால்தான்.

இங்கேதான் உங்கள் ஏசி வருகிறது. ஏசி போட்டால் ஐடில் எவ்வளவுக்கு இறங்குகிறது? 650-க்கு இறங்கினால் நொடிக்கு 22 வெடிப்புதான். கெட்டி மவுண்டிங்கும் தாழ்ந்த ஐடிலும் சேர்ந்தால் மலை இரண்டாகத்தான் தெரியும். அளந்து சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு சிலிண்டர் அவ்வப்போது விட்டு விட்டு வெடித்தால், குலுக்கல் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வரும். அது நொடிக்கு ஏழு. ஒரிஜினலோ யூரித்தேனோ எதுவும் அதைத் தடுக்காது. மவுண்டிங் வாங்குவதற்கு முன் பிளக் ஒயர்களைப் பாருங்கள். இந்த வண்டியில் ஒயர் கெட்டுப் போவது பழைய வியாதி.

கப்பலூர் ரப்பர்:

என் தொழில் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மதுரையில் ரப்பருக்குப் பஞ்சம் இல்லை. கோச்சடையில் பெல்ட், வெள்ளரிப்பட்டியில் டயர், கப்பலூரில் என்னைப் போலச் சின்னப் பட்டறைகள். வார்த்துக் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். ஆனால் இரண்டே இரண்டு பீஸுக்கு என்னிடம் வந்தால் நானே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதல் காரணம், நீங்கள் கொண்டுவரும் மாதிரியே பொய் சொல்லும். முப்பது வருடம் இன்ஜினைத் தாங்கிய ரப்பர் உயரம் குறைந்து உட்கார்ந்திருக்கும். சூட்டில் வெந்து கெட்டியாகியும் இருக்கும். அதை வெர்னியரில் அளந்து, கெட்டித்தன்மை காட்டும் ஷோர் மீட்டரில் குத்திப் பார்த்து அப்படியே வார்ப்பது, கூன் விழுந்த தாத்தாவை அளந்து பேரனுக்குச் சட்டை தைக்கிற கதை. புதிதாக இருந்தபோது என்ன உயரம் என்பது தெரியாமல் டை (வார்ப்பு அச்சு) வெட்டக் கூடாது.

இரண்டாவது, ஒட்டு. ரப்பரும் இரும்பும் சேரும் இடம்தான் மவுண்டிங்கின் உயிர். இரும்பைத் துருவும் எண்ணெயும் இல்லாமல் மணல் பிளாஸ்ட் அடித்து, பிரைமர், அதற்கு மேல் பிணைப்புப் பசை பூசி, டையில் வைத்து ரப்பர் வேகும்போதே ஒட்ட வேண்டும். வெந்த ரப்பரைப் பிறகு பசை போட்டு ஒட்டிக் கொடுப்பவர்களும் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். சிறுமலையில் நாலாவது வளைவு தாங்காது.

எந்த ரப்பர் என்று கேட்டால், இயற்கை ரப்பர்தான். அசைந்து அசைந்து சோராமல் இருப்பதில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் எண்ணெய் பட்டால் ஊறிப் பஞ்சாகும். எண்ணெய்க்குத் தாங்கும் என்று நைட்ரைல் கேட்பார்கள். அது ஆயில் சீலுக்குச் சரி, எடை தாங்கி நிற்கும் மவுண்டிங்குக்கு என் ஓட்டு கிடையாது. எண்ணெய் ஒழுகினால் ஒழுகலை அடையுங்கள், ரப்பரை மாற்றாதீர்கள்.

பழைய ஸ்டாக் வந்தாலும் கவனம். டப்பா பிரிக்காத பத்துப் பதினைந்து வருடச் சரக்கு என்றால், ரப்பர் டப்பாவுக்குள்ளேயே வயதாகியிருக்கும். விரல் நகத்தால் அழுத்துங்கள், ஓரத்தை லேசாக வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதூர் டர்போ:

அப்போது யூரித்தேன் தப்பு என்கிறீர்களா?

கப்பலூர் ரப்பர்:

தப்பு இல்லை தம்பி. ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவர், டர்போ மாட்டியவர் போடலாம். ஞாயிற்றுக்கிழமை ஜிகர்தண்டா குடிக்கப் போகிறவருக்கு எதற்கு?

சிறுமலை பதினெட்டு:

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. மாஸ்டாவே போட்டிக்கென்று விற்கும் கெட்டி ரப்பர் மவுண்டிங். யூரித்தேன் அளவுக்கு உதறாது, சாதாரணத்தைவிடக் கொஞ்சம் உதறும். கூரை திறந்த வண்டி என்பதால் பாடி தானாகவே கொஞ்சம் நெளியும், அதிர்வு மூடிய காரைவிட அதிகமாகவே உள்ளே வரும். ஆகவே நான் சாதாரண ஒரிஜினல் பக்கம். சேசிஸ் நம்பரைக் கொடுத்து பார்ட் நம்பர் எடுங்கள், இரண்டு பக்கமும் சேர்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் தாத்தா என்றால் மறுபடி சாய்வுதான். இந்த முதல் தலைமுறைக்கு 2017-ல் மாஸ்டா ஜப்பானில் புதுப்பிக்கும் திட்டம் அறிவித்து, நின்றுபோன சில பாகங்களை மறுபடி தயாரித்தது. 'ஸ்பேர் வராது' என்று சொன்னவர் தேடவே இல்லை.

வண்டியூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மெக்கானிக் அண்ணனோடு உட்கார்ந்து பார்த்தோம்.

ஐடில் ஏசி இல்லாமல் 820, ஏசி போட்டால் 680. இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றேன், அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார். காயில் கெட்டுவிடுமாம், ஷாக்கும் அடிக்குமாம். இருட்டில் ஒயர்கள் மேல் தண்ணீரை மெல்லத் தெளித்தார். மூன்றாவது ஒயரில் நீலமாக ஒரு பொறி ஓடியது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

அடியில் சைலன்சர் குழாய் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குத் தேய்ந்து மின்னுகிறது. லேத்தில் கடைந்த மவுண்டிங் எதிர்ப்பக்கத்தைவிட 9 மி.மீ. உயரம். எதிர்ப்பக்கத்து ரப்பரும் நடுவில் பாதி வரை கிழிந்திருக்கிறது, மேலே எண்ணெய்ப் பிசுக்கு. இன்ஜின் ஹெட்டின் பின்னால் இருக்கும் சென்சாரின் ஓ-ரிங்கிலிருந்து (எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) ஒழுகுகிறது என்கிறார் அண்ணன்.

இரண்டு ஒரிஜினல் ஆர்டர் போட்டாயிற்று. ஜப்பானில் இருக்கும் நண்பன் அனுப்புகிறான். கூரியரும் சுங்கமும் சேர்த்துப் பார்த்தால் பெரியப்பாவிடம் சொல்ல முடியாத தொகை.

சிறுமலை பதினெட்டு:

மாட்டும்போது இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஆயில் பேனுக்கு அடியில் அகலமான மரப்பலகை வைத்து, ஜாக்கியை எடை வாங்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். பேன் ஒடுங்கினால் அது தனிக் கதை. நட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, ஜாக்கியை முழுதும் இறக்கி, இன்ஜினைக் கையால் நாலு ஆட்டு ஆட்டி, தானாக உட்கார்ந்த பிறகு மேனுவலில் உள்ள டார்க்குக்கு (இறுக்க வேண்டிய அளவு) இறுக்குங்கள். தொங்கும் இன்ஜினில் இறுக்கினால் புது ரப்பர் முதல் நாளே முறுக்கிக்கொண்டு நிற்கும். சைலன்சர் கிளாம்புகளையும் அப்போதே தளர்த்தி, கடைசியில் இறுக்குங்கள்.

வண்டியூர்வாசி (ஐந்து வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும், பார்சல் சுங்கத்தில் நின்றுவிட்டது.

புது மவுண்டிங்கைப் பழையதன் பக்கத்தில் வைத்தபோதுதான் ரப்பர் அண்ணன் சொன்னது புரிந்தது. கிழியாமல் இருந்த ஓரத்தில் அளந்தாலே பழையது 6 மி.மீ. குள்ளம். அதை மாதிரியாகக் கொடுத்திருந்தால் குள்ளமாகவே வார்த்து வாங்கியிருப்பேன்.

முதலில் பிளக் ஒயர் செட், ஓ-ரிங் மாற்றினோம். நடுக்கத்தில் பாதி அதிலேயே போய்விட்டது, இதை ஒத்துக்கொள்ள வேண்டும். திராட்டில் பாடியையும் ஐடில் வால்வையும் கிளீன் பண்ணியதில் ஏசி போட்டாலும் 850-ஐ விட்டு இறங்குவதில்லை. அப்புறம் மவுண்டிங். 'டொக்' சத்தம் இல்லை. கியர் ராடு மட்டும் ரிவர்ஸ் போடும்போது லேசாக முணுமுணுக்கிறது.

நேற்று சாயங்காலம் பெரியப்பாவை உட்கார வைத்து ஒத்தக்கடை வரை போனேன். ஏறுவதற்கே பத்து நிமிடம் ஆனது. சிக்னலில் நின்றபோது, "வண்டி ஆஃப் ஆயிருச்சாடா?" என்று கேட்டார்.

கப்பலூர் அண்ணே, புது மவுண்டிங்கின் உயர அளவை வரைந்து வைத்திருக்கிறேன். டீசல் வண்டி மவுண்டிங் யாருக்காவது வேண்டுமென்றால் இலவசம், வந்து எடுத்துக்கொள்ளலாம்.

புதூர் டர்போ:

எனக்கு வேண்டும். எந்தத் தெரு?