காரணமே தெரியாத கட்டளைக்கு யூதர்கள் எப்படி விளக்கம் சொல்கிறார்கள்?

பாளை வாசகன்:
எங்கள் சபை வேதபாடத்தில் ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் சமைக்கக் கூடாது என்ற வசனம் வந்தது. யாத்திராகமத்தில் இரண்டு இடம், உபாகமத்தில் ஒன்று, ஏன் கூடாது என்று எங்குமே இல்லை. யூதர்கள் இதைப் பாலோடு கோழிக்கறியும் கூடாது என்கிற வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். கோழிக்கு ஏது தாய்ப்பால்? நோக்கம் தெரியாமல் சட்டத்தை இப்படி நீட்டலாமா?

டவுன் அண்ணாச்சி:
காரணம் தேடாமல் இல்லை தம்பி. அது அந்தக் காலத்து விக்கிரக பூசைப் பழக்கமாக இருக்கலாம் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் ஊகித்தார், ஆனால் இப்போதுதான் அந்தப் பூசை இல்லையே, சாப்பிடலாம் என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. மூன்று தடவை வருவதால் சமைக்கக் கூடாது, தின்னக் கூடாது, அதனால் எந்தப் பலனும் அடையக் கூடாது என்று யூதர்களின் சட்ட விவாத நூலான தல்முத் பிரித்தது. கோழி பிற்பாடு அறிஞர்கள், மூலக் கட்டளையை யாரும் மீறிவிடக் கூடாது என்று போட்ட வேலி. கலிலேயரான ரபி (யூத மத ஆசான்) யோசேயின் ஊரில் கோழியைப் பாலோடு சாப்பிட்டார்கள் என்று தல்முதிலேயே இருக்கிறது. நம்ம சொதிக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பாலில் கறி போட்டால் தடை இல்லை. ஆனாலும் பார்க்கிறவன் தப்பாக நினைப்பானே? அதற்குத்தான், பாதாம் பாலில் கறி சமைத்தால் பக்கத்தில் கொஞ்சம் பாதாமை வை என்று 16ஆம் நூற்றாண்டுப் போலந்து ரபி மோசே இஸ்ஸெர்லிஸ் எழுதினார்.

பாளை வாசகன்:
சரி அண்ணாச்சி, காரணம் வெளிப்படையாகத் தெரிகிற கட்டளை என்றால்?

டவுன் அண்ணாச்சி:
அங்கேதான் சண்டையே. விதவையின் துணியை அடகு வாங்காதே என்கிறது உபாகமம் 24. ஏழையின் அடகைத் தினமும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்காக விதவை வீட்டுக்குப் போய்வந்தால் அவளுக்குத்தான் கெட்ட பெயர், அதனால் பணக்கார விதவையிடம் வாங்கலாம் என்றார் ரபி சீமோன். யாரிடமும் கூடாது என்றார் ரபி யூதா. மைமோனிடிஸ் யூதா பக்கம். ராஜா மனைவிகளைப் பெருக்கினால் மனசு திரும்பிவிடும் என்று காரணத்தோடு சொன்ன கட்டளையிலேயே, என் மனசு திரும்பாது என்று சாலொமோன் போய் விழுந்த கதையையும் தல்முத் எடுத்துக்காட்டும்.

மேலப்பாளையம் பாய்:
எங்கள் பிக்ஹிலும், அதாவது இஸ்லாமியச் சட்டவியலிலும், இது உண்டு. பயணத்தில் தொழுகையைச் சுருக்குவது சிரமத்துக்காகத்தான், ஆனால் சட்டம் தொங்குவது பயணத்தில். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏசி கோச்சில் படுத்துக்கொண்டு சென்னை போகிறவன் சுருக்கலாம், உள்ளூரில் வெயிலில் நாற்று நடுகிறவன் சுருக்க முடியாது. சட்டம் தொங்குகிற இல்லத் வேறு, அதன் நோக்கமான ஹிக்மத் வேறு என்பார்கள்.

பாளை வாசகன்:
எனக்கென்னவோ ரபி சீமோன்தான் நியாயமாகப் படுகிறார்.

டவுன் அண்ணாச்சி:
படும். ஆனால் அவள் பணக்காரியா ஏழையா என்று முடிவு செய்வது யார், கடன் கொடுத்தவனா?