முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்து: என்ன கொண்டு போவது, என்ன சாப்பிடுவது?

கேள்வி: ஆகஸ்டில்தான் நார்த் கரோலினாவில் கேரிக்கு வந்தோம். கணவரின் மேனேஜர் தேங்க்ஸ்கிவிங் (நவம்பரில் வரும் அமெரிக்க நன்றி நாள்) அன்று மதியம் 2 மணிக்குக் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். நான் முட்டை கூடச் சேர்க்காத சைவம். கணவர் கோழி மட்டும் சாப்பிடுவார். ஆறு வயதில் ஒரு பையன். ஊரிலிருந்து அம்மாவும் வந்திருக்கிறார். "எதுவும் கொண்டு வர வேண்டாம்" என்றுதான் சொன்னார்கள். நிஜமாகவே வெறுங்கையோடு போகலாமா? அங்கே எனக்குச் சாப்பிட ஏதாவது இருக்குமா?

பதில்:

கட்டாயம் போய்விட்டு வாருங்கள். நானும் இதே ஊர்ப்பக்கம்தான், பதினான்கு வருடம் ஆகிறது. என் முதல் தேங்க்ஸ்கிவிங்கில் பட்டினியோடு வீடு திரும்பி ராத்திரி எட்டு மணிக்கு ரவா உப்புமா கிண்டினேன். அவர்கள் மேல் குற்றம் இல்லை, என் கூச்சம்தான் காரணம்.

நம் வீடுகளில் "இன்னும் கொஞ்சம்" என்பார்கள், "போதும் போதும்" என்போம், மூன்றாவது தடவை இலையில் விழுந்துவிடும். இங்கே "ஸ்டஃபிங் வேண்டுமா?" என்று கேட்டு "வேண்டாம்" என்று நாம் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. மறுபடி கேட்டால் வற்புறுத்தியதாகிவிடும் என்று விட்டுவிடுவார்கள். அதனால் வேண்டியதை முதல் தடவையே வாங்கிக்கொள்ளுங்கள். தட்டில் யாரும் பரிமாற மாட்டார்கள், நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் முறை எழுந்து போய் எடுத்தால் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்தான்.

அதைவிட முக்கியம், என்ன சாப்பிடமாட்டீர்கள் என்பதை இந்த வாரமே மெசேஜ் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல் போதாது. அதற்குள் முட்டை உண்டு, சிலர் கணக்கில் மீன்கூட உண்டு. இறைச்சி, மீன், முட்டை, சிக்கன் பிராத் (கோழி வேகவைத்த சாறு), ஜெலட்டின் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுப்பது) எதுவும் வேண்டாம் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். நமக்கு இது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். அவர்களுக்கு உதவி. அன்றைக்கு வந்து வெறும் தட்டோடு உட்கார்ந்தால்தான் சங்கடப்படுவார்கள்.

மேசையில் எங்கெங்கே மாட்டிக்கொள்வோம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்டஃபிங் என்பது ரொட்டித் துண்டுகளைச் செலரி, வெங்காயத்தோடு சேர்த்து பேக் செய்வது. பார்த்தால் சைவம், ஆனால் பெரும்பாலும் சிக்கன் பிராத்தில்தான் ஊற வைப்பார்கள், முட்டையும் சேரும். கிரேவி வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றில் செய்வது. நம் ஊர்ப்பக்கம், அதாவது இந்தத் தெற்கு மாநிலங்களில், பீன்ஸையும் காலர்ட் கீரையையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேக வைப்பது பழைய வழக்கம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு கேசரோல் (தட்டோடு பேக் செய்யும் பண்டம்) தலையில் வெள்ளையாக உருகி நிற்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு. பம்ப்கின் பை, பிக்கான் பை (pie, மாவுக்குள் பூரணம் வைத்து பேக் செய்யும் இனிப்பு) இரண்டிலும் முட்டை. மிச்சம் இருப்பது மசித்த உருளைக்கிழங்கு (கிரேவி ஊற்றாமல்), கிரான்பெர்ரி சாஸ், சாலட், கேட்டுப் பார்த்துவிட்டு ரோல் ரொட்டி. இவ்வளவுதான். அதனால்தான் நீங்கள் ஒன்று கொண்டு போயே ஆக வேண்டும். அது உங்கள் வயிற்றை நிரப்புகிற அளவுக்கு இருக்க வேண்டும்.

"எதுவும் வேண்டாம்" என்று அவர்கள் சொன்னது மரியாதைக்கு. திரும்பக் கேட்காதீர்கள். "ஒரு சைட் டிஷ் எடுத்து வருகிறேன், ஓவன் தேவைப்படாது" என்று சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வார்த்தை தங்கம். அன்றைக்கு அந்த வீட்டு ஓவனில் காலையிலிருந்து வான்கோழி உட்கார்ந்திருக்கும், நாலு அடுப்பிலும் ஏதாவது கொதிக்கும். நான் முதல் வருடம் ஒரு பெரிய பாத்திரம் நிறைய சாம்பார் எடுத்துப் போனேன். சூடு பண்ண அடுப்பு இல்லை, கூடச் சாப்பிடச் சோறு இல்லை. எல்லோரும் சூப் என்று நினைத்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டார்கள்.

அப்புறம் கற்றுக்கொண்டது: ஆறினாலும் ருசி குறையாத பண்டம்தான் சரி. எலுமிச்சை சாதம் எனக்கு ஒரு வருடமும் ஏமாற்றம் தந்ததில்லை. வேர்க்கடலையைச் சாதத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், விருந்துக்கு வரும் குழந்தைகளில் யாருக்காவது கடலை ஒவ்வாமை இருக்கலாம். முந்திரிக்கும் இதே பேச்சு. தேங்காய் தூவிய பீன்ஸ் பொரியலும் நன்றாகப் போகும். அவர்கள் மேசையில் காளான் சூப் ஊற்றி, மேலே வறுத்த வெங்காயம் தூவிய கிரீன் பீன் கேசரோல் இருக்கும். கேம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையலறையில் 1955-ல் உருவான பண்டம் அது. அதே பீன்ஸ் கடுகும் கறிவேப்பிலையுமாக வந்து பக்கத்தில் உட்காரும்போது பேச்சு தானாகத் தொடங்கும்.

ஆனால் என் ஓட்டு கிரான்பெர்ரி தொக்குக்குத்தான். அக்டோபர் முதலே கடையில் 12 அவுன்ஸ் பையாக, அதாவது 340 கிராம், புதுக் கிரான்பெர்ரி வரும். கால் கப்புக்குக் குறையாமல் நல்லெண்ணெய் காய வைத்து, கடுகு, பெருங்காயம் தாளித்து, கழுவித் துடைத்த பழத்தைக் கொட்டுங்கள். பட் பட்டென்று வெடிக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குழைந்ததும் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், உப்பு. எண்ணெய் பிரியும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் அரை டீஸ்பூன், கொஞ்சம் வெல்லம். புளியே வேண்டாம், அந்தப் பழத்தின் புளிப்பு மாங்காயைத் தூக்கிச் சாப்பிடும். வான்கோழிக்கு இனிப்பான கிரான்பெர்ரி சாஸ் தொட்டுச் சாப்பிடுகிறவர்களுக்கு இதன் முறை புதிதில்லை, காரம்தான் புதிது. அவர்களுக்கு மிளகாயைப் பாதியாகக் குறையுங்கள். நமக்கு இன்னொரு பாட்டில் தனியாகப் போட்டு வையுங்கள், தயிர்சாதத்துக்கு. தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட மறக்காதீர்கள், அபார்ட்மெண்டில் ஸ்மோக் அலாரம் கத்திவிடும்.

2 மணி என்றால் 2 மணி, அல்லது ஐந்து நிமிடம் கழித்து. முன்னாலேயே போய் நிற்காதீர்கள், கடைசி நேரத்தில்தான் சமையலறை போர்க்களமாக இருக்கும். டிவியில் அமெரிக்க ஃபுட்பால் ஓடிக்கொண்டிருக்கும். டெட்ராய்ட் லயன்ஸ் அணியினர் 1934-லிருந்து இந்த நாளில் ஆடுகிறார்கள். புரியாவிட்டால் பரவாயில்லை, பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். சாப்பிடும் முன் கைகோத்து ஜெபம் செய்யும் வீடாக இருந்தால் தலை குனிந்து நின்றால் போதும்.

சில வீடுகளில் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி சொல்கிறார்கள் என்று மேசையைச் சுற்றிக் கேட்பார்கள். அம்மாவைத் தாண்டிப் போக விடாதீர்கள். தமிழிலேயே சொல்லட்டும், நீங்கள் மொழிபெயருங்கள். என் மாமியார் வந்திருந்த வருடம் அவர் முறை வந்தபோது, "எங்க ஊர் கண்மாய் நிரம்பிடுச்சாம், காலையில போன்ல சொன்னாங்க" என்றார். கண்மாய்க்கு ஆங்கிலம் தேடி நான் திணறியதில், பம்ப்கின் பையை யாரும் வெட்டாமல் கால் மணி நேரம் விவசாயப் பேச்சாகவே போனது. வீட்டுக்காரரின் தாத்தா சர்க்கரைவள்ளி பயிரிட்டவராம். இந்த நாட்டிலேயே அதிகம் சர்க்கரைவள்ளி விளைவது இந்த மாநிலத்தில்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் தயிர்சாதம் கொடுத்துவிடுங்கள். வயதானவர்கள் ரொட்டியும் உருளையும் மட்டும் சாப்பிட்டு மாத்திரை போடக் கூடாது.

பையன் பள்ளியிலிருந்து காகிதத் தொப்பியோடு ஒரு கதை கொண்டு வருவான். 1621-ல் மாசசூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்களும் வாம்பனோவாக் பூர்வகுடி மக்களும் சேர்ந்து அறுவடை விருந்து உண்டார்கள் என்பது வரை உண்மை. அதன் பிறகு அந்த மக்களுக்கு நடந்தது விருந்துக் கதை இல்லை. 1970-லிருந்து அதே பிளிமத்தில், தேங்க்ஸ்கிவிங் அன்றே, பூர்வகுடியினர் துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். ஆறு வயதில் எல்லாம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தொப்பிக் கதை மட்டும்தான் வரலாறு என்று நினைத்து வளர வேண்டாம். இந்த நாளை அதிபர் லிங்கன் 1863-ல் நாடு முழுவதற்கும் அறிவித்தார், நவம்பர் நான்காவது வியாழன் என்று 1941-ல் சட்டமானது. கனடாவில் இருப்பவர்களுக்கு இது அக்டோபர் இரண்டாவது திங்கள், குழம்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் டாலஸ். நாத்தனார் குடும்பம், தம்பி குடும்பம் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், எட்டுப் பேர். குழந்தைகள் வான்கோழி வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். கணவர் எண்ணெயில் முழுசாகப் பொரிக்கலாம் என்கிறார்.

பதில்:

பொரிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகவே சொல்லுங்கள். பனிக்கட்டி கொஞ்சம் உள்ளே மிச்சம் இருந்தாலும் கொதிக்கும் எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். ஓவனில் வையுங்கள்.

எட்டுப் பேருக்கு 12 பவுண்டு போதும், மிஞ்சும். உறைந்த பறவையாக வாங்கினால் ஃபிரிஜ்ஜில் 4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கில் உருக வேண்டும். அதாவது ஞாயிறு ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள். நான் ஒரு வருடம் புதன் மாலை எடுத்தேன், வியாழன் காலை அம்மிக்கல் மாதிரி இருந்தது. வயிற்றுக்குள் ஈரல், கழுத்து எல்லாம் ஒரு பையில் கட்டி வைத்திருப்பார்கள், கைவிட்டு எடுத்துவிடுங்கள். மஞ்சள் போட்டுக் கழுவும் நம் பழக்கம் இங்கே வேண்டாம், தெறிக்கும் தண்ணீரில் கிருமி சிங்க் முழுவதும் பரவும். காகிதத் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும். புதன் இரவு இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சோம்பு, உப்பு எல்லாவற்றையும் வெண்ணெயில் குழைத்துத் தோலுக்கு அடியில் கைவிட்டுத் தடவுங்கள். தோலுக்கு மேலே தடவினால் மசாலா கருகும், கறி சப்பென்றே இருக்கும். 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரத்தை நம்பாமல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். தொடையிலும் நெஞ்சிலும் கனமான இடத்தில் 165 காட்ட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் வான்கோழி நம் நாக்குக்குக் கொஞ்சம் வறட்டுக் கறிதான். அதன் பெருமை வெள்ளிக்கிழமைதான் தெரியும். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் கறியைப் பிய்த்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். மறுநாள் கொத்து பரோட்டா, மிளகு வறுவல். எலும்பை வேகவைத்து ரசம். எங்கள் வீட்டில் அந்த ரசத்துக்காகத்தான் வான்கோழியே வாங்குகிறோம்.

வியாழன் அன்று வால்மார்ட், டார்கெட், காஸ்ட்கோ எல்லாம் மூடியிருக்கும். கறிவேப்பிலை உட்பட எல்லாம் செவ்வாய்க்குள் வாங்கிவிடுங்கள். கூடவே மூடியுள்ள அலுமினியத் தட்டுகள் ஒரு கட்டு. விருந்துக்குப் போகும் கேரித் தங்கைக்கும் இது பொருந்தும். எவர்சில்வர் பாத்திரத்தில் கொண்டு போனால் மிஞ்சியதோடு அது அங்கேயே தங்கிவிடும். என் அம்மா பெயர் பொறித்த தூக்கு ஒன்று ஒரு அமெரிக்க வீட்டில் மூன்று வருடமாக இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு அதில் குக்கீ போட்டுக் கொடுத்தார்கள். வெறும் பாத்திரம் திருப்பித் தரக் கூடாது என்று முறுக்கு போட்டு நான்தான் திரும்ப அனுப்பிவிட்டேன்.