பழைய பிளாஸ்டிக் வளையலில் பட்டு நூல் சுற்றினால் இடைவெளி விழுகிறது

கேள்வி: கடுகு மஞ்சள் காட்டன் சேலை, அரக்கு பார்டர். அதற்குப் பொருத்தமாக வீட்டில் கிடக்கும் வளையல்களில் சில்க் த்ரெட் சுற்றுகிறேன். நூல் பிரிந்து பிளாஸ்டிக் தெரிகிறது, பசைக்கறையும் படிகிறது. எத்தனை இழை எடுக்கணும்?

பதில் 1: 20 இழை போதும். பரீட்சை அட்டையில் நீளவாக்கில் 20 சுற்று சுற்றி, ஒரு முனையில் வெட்டுங்க. இழைகள் முறுக்கிக்கொண்டால்தான் இடைவெளி விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் கட்டை விரலால் நாடா மாதிரி தட்டையாக நீவணும். வளையலின் உள்பக்கச் சுற்றளவு குறைவு, அதனால் அங்கே நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். வெளிப்பக்கம் மூடியிருந்தால் சரி. பசையை வளையல் முழுக்கத் தடவாதீங்க, நூலில் ஊறிக் கறையாகும். ஆரம்பத்திலும் முடிவிலும் உள்பக்கம் ஒரு பொட்டு போதும். வழுக்கும் பிளாஸ்டிக்கை முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்ச்சுக்கோங்க.

பதில் 2: அளவைக் கவனிங்க. நூல் ஏறினால் உள்வட்டம் சுருங்கும். 2.4 இறுக்கமாகப் போடுகிறவர் 2.6 எடுக்கணும்.

பதில் 3: சேலை நிறத்திலேயே டஜன் வளையல் போட்டால் பள்ளி ஆண்டுவிழா டான்ஸ் மாதிரி இருக்கும். அரக்கில் நாலு, மஞ்சளில் ஒன்று, நடுவில் குந்தன் கல் வைத்தது ஒன்றே ஒன்று. கல்லுக்குப் பசையைப் பல்குச்சி நுனியில் தொட்டு வைங்க, ராத்திரி முழுக்கக் காயட்டும். பாத்திரம் கழுவும்போது கழற்றிடுங்க.

கேட்டவர்: உப்புத்தாள் எந்த நம்பர்?

பதில் 1: 220.