ரோட்டில் புதைந்த தண்டவாளம் (ஹெச்ஓ, கோட் 83): பெட்டி குதிக்கிறது, பட்டி வெடிக்கிறது

தார்ரோடு_87:
இந்தியானா மாநிலம் மிச்சிகன் சிட்டியில் சவுத் ஷோர் மின்ரயில் 11-ஆம் தெருவின் நடுவிலேயே ஓடிய பகுதியை 1:87 (ஹெச்ஓ) அளவில் மாடல் ரயிலாகச் செய்கிறேன். 2022-ல் தெருவில் ரயிலை நிறுத்தி இரட்டைத் தடத்துக்கு வேலை ஆரம்பித்தார்கள் அல்லவா, அதற்கு முந்தைய ஒற்றைத் தடம். 1982 முதல் வந்த நிப்பான் ஷாரியோ (ஜப்பானியத் தயாரிப்பு) பெட்டிகள்தான் ஓடும். கோட் 83 (தண்டவாள உயரம் 0.083 அங்குலம்) ஃப்ளெக்ஸ் டிராக், அதாவது வளைக்கக்கூடிய தடம், அதன்மேல் சுவருக்குப் பூசும் பட்டியைப் பூசி, உள்பக்கம் சக்கர விளிம்பு போகப் பள்ளம் கீறி ஒரு சோதனைத் துண்டு செய்தேன். சக்கரம் சில இடங்களில் ஏறிக் குதிக்கிறது. பட்டி காய்ந்ததும் தண்டவாள ஓரமாகவே வெடிக்கிறது. பள்ளம் எவ்வளவு அகலம், ஆழம் இருக்க வேண்டும்? சைடிங்குக்காக (பக்கத் தடம்) ஒரு பாயிண்ட்டும் (தடம் பிரியும் இடம்; நிஜத்தில் அங்கே இல்லை, என் கற்பனை) ரோட்டுக்குள்ளேயே வருகிறது.

அரைமில்லி:
முதலில் எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். ஒரு ஜோடி சக்கரத்தை மட்டும் அச்சோடு வைத்து விரலால் உருட்டினால் தெரிந்துவிடும். இடம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்று, சக்கரத்தின் முதுகு (உள்பக்க முகம்) உள்பலகையில், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள ரோட்டில் மோதுவது. தடம் 16.5 மி.மீ. இரண்டு சக்கர முதுகுகளுக்கும் இடையே சுமார் 14.4. அச்சு பக்கவாட்டில் 0.3 வரை ஆடும். அதனால் உள்பலகை 13.7 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. அப்போது பள்ளம் பக்கத்துக்கு 1.4 மி.மீ. அளவு மாற்றிப் பார்த்தால் நிஜத்தில் 12 செ.மீ. ஆகிறது, அமெரிக்க லெவல் கிராசிங்கில் இருப்பது ஏறக்குறைய இதில் பாதி. கண்ணுக்கு உறுத்தும்தான், ஆனால் சாதாரண ஆர்பி-25 (மாடல் ரயில் சக்கர விளிம்புக்கான அமெரிக்கப் பரிந்துரை அளவு) சக்கரம் வைத்திருக்கும்வரை இதில் பேரம் கிடையாது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: வெளிப்பக்கம். சக்கரத்தின் மொத்த அகலம் 2.8 மி.மீ., தண்டவாளத் தலையோ ஒரு மில்லிகூட இல்லை. மீதி ஒரு மில்லிக்கு மேல் ரோட்டின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். வெளி ரோடு தலைக்குச் சமமாகவோ ஒரு முடி மேலேயோ இருந்தால் சக்கரம் ரோட்டில் உருளும், தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரமும் போய்விடும். வெளியே 0.2, உள்ளே 0.3 மி.மீ. தாழ்வாக விடுங்கள். பெயிண்ட், மண் தூவல் எல்லாம் சேர்த்த பிறகு இந்த அளவு மிஞ்ச வேண்டும்.

உள்பலகைக்குப் பட்டியை விட ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட்தான் நல்லது. கோட் 83-ல் தண்டவாள உயரம் 2.1 மி.மீ. அடியில் 1 மி.மீ. ஷீட், 12.5 அகலம், அதன்மேல் 0.75 மி.மீ. ஷீட், 13.7 அகலம். அடித்துண்டு குறுகலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: சிலீப்பரில் வார்த்திருக்கும் ஆணித்தலை உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், ஒரே அகலமாக வெட்டினால் பலகை அதன்மேல் ஏறிச் சாய்ந்து உட்காரும். வெளிப்பலகையின் அடி விளிம்பையும் இதே காரணத்துக்காக 45 டிகிரி சாய்வாக ராவிவிடுங்கள்.

சாந்துக்கரண்டி:
ஷீட் சரிதான். ஆனால் பழைய, ஒட்டுப்போட்ட தார் ரோடு வேண்டுமென்றால் மேல் பூச்சுக்குப் பட்டி வேண்டும். அடியில் ஷீட் போட்டு, மேலே அரை மில்லிக்குக் குறைவாகப் பூசுங்கள். (உள்ளே பூசுவதாக இருந்தால் மேலே சொன்ன 0.75-க்குப் பதில் 0.5 ஷீட்.)

வெடிப்பதற்குக் காரணம் கனம். 2 மி.மீ.யை ஒரே பூச்சில் நிரப்பினால் சுருங்கும், உலோகத்தை விட்டுத்தான் முதலில் பிரியும். சிமென்ட் வகைப் பட்டி இறுகிவிட்டால் கீறும்போது ஓரம் பெயரும். அக்ரிலிக் பட்டி வாங்குங்கள், கறுப்பும் பழுப்பும் கலந்த போஸ்டர் கலரைப் பட்டியிலேயே குழைத்துவிட்டால் பின்னால் பெயர்ந்தாலும் வெள்ளை தெரியாது. வழித்த கையோடு தண்டவாளத் தலையை ஈரத்துணியால் துடையுங்கள். அரைமணி விட்டு, தோல் கட்டியதும் பழைய உலோகச் சக்கர ஜோடியை அழுத்தி இழுத்துப் பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். முழுக்கக் காய்ந்தபின் இழுத்தால் உடையும்.

நிறத்தில் ஒன்று: கருங்கறுப்பு வேண்டாம். வெயில் பட்ட தார் சாம்பல்தான். பள்ளத்துக்குள் மட்டும் கரும்பழுப்பு. விரிசல் வரையப் பென்சில் தூளைத் தண்டவாளத்துக்குத் தண்டவாளம் இழுக்காதீர்கள், கிராஃபைட் மின்சாரம் கடத்தும்.

இருவழி:
மூடுவதற்கு முன்னால் வயரிங். புதைந்த ஜாயினரை (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடு) நம்பாமல் ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி வயர் சால்டர் செய்யுங்கள். மல்டிமீட்டரில் பார்த்து, ஒரு வாரம் ரயிலும் ஓட்டிவிட்டு மூடலாம். ஈரப்பட்டியும் கொஞ்சம் கடத்தும் என்பதால் காய்வதற்குள் மீட்டர் காட்டுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பாயிண்ட்டில் பட்டியே கூடாது. கூர்முனைத் தண்டவாளம் நகரும் இடத்தில் ஒரு மணல் துகள் விழுந்தால் முனை ஒட்டாது. இரண்டு முனைகளுக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஷீட் வெட்டி, முனை இருபுறமும் முழுதாக நகர்ந்த நிலையில் அரை மில்லி இடைவெளியும், சக்கரம் போகும் பக்கம் மேலே சொன்ன 1.4 மி.மீ. பள்ளமும் இருக்கிறதா பாருங்கள். அதைப் பசை போட்டு ஒட்டாமல் இருபக்க டேப்பில் உட்கார வையுங்கள், என்றாவது கழற்றத்தான் வேண்டிவரும். முனைக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே எதுவும் வேண்டாம், சக்கரம் போகும் வழி அது. முனையை நகர்த்தும் மோட்டார் அடித்தளப் பலகைக்கு அடியிலிருந்து கழற்றும்படி இருக்கட்டும்.

தார்ரோடு_87:
நன்றி. வெளிப்பக்கம்தான் என் தவறு, சமமாக வழித்திருந்தேன். 10-ஆம் தெருவுக்கும் 11-ஆம் தெருவுக்கும் நடுவில் வளைவு, ஆரம் 600 மி.மீ. பள்ளத்தை அகலப்படுத்தணுமா?

அரைமில்லி:
ஈரச்சுப் போகிதான் (பெட்டிக்கு அடியில் இரண்டு அச்சுகளைத் தாங்கும் சட்டம்), கொஞ்சம் போதும்: வளைவில் உள்பலகை 13.4. வளைத்த ஃப்ளெக்ஸ் டிராக்கில் தட அகலம் அங்கங்கே மாறியிருக்கும், என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) அளவுத் தகட்டை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்த பிறகு பலகையை ஒட்டுங்கள்.

உங்களுக்குப் பெரிய தலைவலி பெட்டியின் நீளம். 26 மீட்டர் பெட்டி இங்கே 298 மி.மீ. போகி மையங்களுக்கு இடையே 18 மீட்டர் என்று வைத்தால், 600 ஆரத்தில் நடுப்பகுதி உள்ளே 9 மி.மீ.யும் முனைகள் வெளியே ஏறக்குறைய அதே அளவும் தள்ளும். ஓரத்தில் நிறுத்தும் பொம்மைக் கார்களையும் கம்பங்களையும் இப்போதே ஒட்டாதீர்கள். மிக நீளமான பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சில் கட்டி ஒருமுறை உருட்டுங்கள், அது போடும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. விட்டு ஒட்டலாம்.

சாந்துக்கரண்டி:
தண்டவாளம் துடைக்கும்போது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றாதீர்கள், அக்ரிலிக் பெயிண்ட் கரைந்து வரும். மரத்துண்டில் துணி சுற்றி, துணியை மட்டும் நனைத்துத் தலையில் தேயுங்கள். ரோடு மேலே சொன்ன அளவு தாழ்ந்திருந்தால் துணி அதைத் தொடாது.