வீட்டுல கட்டுன பக்கி: வேலை முடிச்சப்புறம் ஓட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்குறீங்க?

தண்டையார்பேட்டை_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நானும் என் சித்தப்பா பையனும் சேந்து ஒன்றரை வருஷமா ஒரு பக்கி, அதாவது பைப் சட்டத்துல கட்டுற சின்ன வண்டி, கட்டிட்டு இருக்கோம். பைப் சேஸ் நாங்களே வெல்டிங் அடிச்சது, எஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாம் ஒரு பழைய மாருதி 800ல இருந்து எடுத்தது, பாக்கி சாமான் புதுப்பேட்டைல அலைஞ்சு வாங்குனது. மாருதில முன்னாடி இருக்கற மொத்த செட்டையும் அப்படியே தூக்கி பின்னாடி வச்சிட்டோம், அதனால பின் சக்கரம் திரும்பக்கூடாதுன்னு சக்கரத்த திருப்புற கம்பி, அதான் டை ராடு, ரெண்டையும் சேஸ்லயே பிராக்கெட் போட்டு கட்டியிருக்கோம்.

போன ஞாயித்துக்கெழம பின்னாடி லோயர் ஆர்ம் (சக்கரத்த சேஸோட சேக்குற கீழ் கை) பிராக்கெட்ல ஒரு வெல்டிங் விரிசல் வந்துச்சுன்னு எல்லாத்தையும் கழட்டி திரும்ப மாட்டுனோம். சாயங்காலம் மாதவரம் பக்கம் மாமாவோட குடோன் வளாகத்துல ஓட்டிப் பாத்தோம். மெதுவா போனவரைக்கும் ஒண்ணும் இல்ல, ஒரு 30 தாண்டுனதும் வண்டி பின்பக்கம் தானா வலது பக்கம் இழுக்குது, நான் ஸ்டியரிங் திருப்பவே இல்ல. உடனே நிறுத்திட்டு அடில படுத்துப் பாத்தா வலது டை ராடு என்டுல கேஸில் நட்டு (மேல பல்லு பல்லா வெட்டுன நட்டு) ரெண்டு மரைல தொங்கிட்டு இருக்குது, அது கழலாம பூட்டுற ஸ்ப்ளிட் பின் போடவே இல்ல. இன்னும் ரெண்டு ரவுண்டு போயிருந்தா கழண்டு விழுந்திருக்கும்.

அந்த நட்டை மாட்டுனது நான்தான். கையால சுத்தி வச்சேன், அப்போ கரண்ட் போச்சு, டார்ச் எடுக்க உள்ள போனேன், திரும்பி வந்து அடுத்த பக்கம் ஆரம்பிச்சிட்டேன். முடிச்சதும் நானே ஒரு தடவ எல்லாத்தையும் பாத்தேன், அப்பவும் கண்ணுல படல, அதான் எனக்கு தூக்கம் வரல. அக்கா பையன் தினமும் மாமா என்னை எப்போ ஏத்திட்டு போவன்னு கேக்குறான். நீங்கல்லாம் வேலை முடிஞ்சதும் எப்படி செக் பண்றீங்க? எந்த வரிசைல பாக்கணும்? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

ரயில்பெட்டி_பெரம்பூர்:
தம்பி, மொதல்ல வண்டிய உடனே நிறுத்தி அடில படுத்துப் பாத்த பாரு, அது சரியான காரியம். நான் பெரம்பூர் பக்கம் ரயில் பெட்டி பட்டறைல 31 வருஷம் வேலை பாத்தவன். உன் கதைல எனக்கு முக்கியமா படுறது ஒண்ணுதான், மாட்டுனவனே செக் பண்ணியிருக்க. மாட்டுனவன் கண்ணுக்கு நட்டு தெரியாதுப்பா, தான் டைட் வச்சதா மனசுல இருக்கறதுதான் தெரியும். நீ எத்தன தடவ பாத்தாலும் அதேதான். நீ மாட்டுனத உன் தம்பி பாக்கணும், அவன் மாட்டுனத நீ பாக்கணும். அதுவும் அன்னிக்கு ராத்திரியே இல்ல, மறுநாள் காலைல வெளிச்சத்துல பாருங்க.

இன்னொண்ணு. நடுவுல கரண்ட் போவுது, போன் வருது, டீ வருதுன்னா அந்த நட்டை அரைகுறையா விட்டுட்டு எழுந்திரிக்காத. ஒண்ணு முழுசா டைட் வச்சிட்டு எழுந்திரு, இல்ல கழட்டி கைல எடுத்துட்டு எழுந்திரு. கையால சுத்தி விட்ட நட்டு தூரத்துல இருந்து பாத்தா டைட் வச்ச நட்டு மாதிரியேதான் இருக்கும்.

டைட் வச்சதும் பெயின்ட்ல ஒரு கோடு போடு. நட்டு மேல ஆரம்பிச்சு போல்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் ஒரே கோடா போவணும். அப்புறம் நட்டு கொஞ்சம் திரும்புனாலும் கோடு ஒடஞ்சு தெரியும், ஸ்பேனர் எடுக்காமலே பாத்துடலாம். கோடு இல்லாத நட்டு டைட் வைக்காத நட்டுன்னு அர்த்தம். வீட்டுல நெயில் பாலிஷ் இருந்தா அதுவே போதும்.

கேஸில் நட்டுல பின் ஓட்டை நேரா வரலன்னா பின்னாடி லூஸ் பண்ணி சேக்காத, முன்னாடி டைட் பண்ணி அடுத்த பல்லுக்கு கொண்டுவா. பழைய பின்ன நிமித்தி திரும்ப போடாத, அது ரெண்டு ரூவா சாமான். நைலான் வச்ச நட்டு ஒரு தடவ கழட்டிட்டா புதுசு போடு, கையாலயே சுலபமா சுத்த முடியுதுன்னா அதுல புடிப்பு போயிடுச்சு. எக்ஸாஸ்ட் பக்கம் அந்த நைலான் நட்டே வேணாம், சூட்டுல இளகிடும்.

சோழவரத்துல பழைய ஏரோட்ராம் ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலத்துல சின்னப் பையனா போய் பாத்திருக்கேன். அங்க வண்டிய ஓட விடுறதுக்கு முன்னாடி வேற ஆளுங்கதான் குனிஞ்சு நிமிந்து பாப்பாங்க, வண்டி கட்டுனவன் தள்ளி நிப்பான். அந்த வயசுல புரியல. பட்டறைல சேந்தப்புறம் புரிஞ்சது.

டிரெய்லர்_மணலி:
பெரியவர் சொன்னதுக்கு மேல வீல் நட்டு பத்தி மட்டும் சொல்றேன் ப்ரோ. நான் மணலில கன்டெய்னர் டிரெய்லர் ஷெட்டுல இருக்கேன், வீல் கழட்டி மாட்டுன வண்டி ஒரு 50ல இருந்து 100 கிலோமீட்டர் ஓடி வந்ததும் திரும்ப டார்க் (எவ்ளோ பலமா முறுக்கணும்ங்கற அளவு) வச்சு பாக்காம நாங்க விடமாட்டோம். மாட்டுன எடத்துல பெயின்ட்டு, துரு, மண்ணு நடுவுல மாட்டியிருந்தா ஓட ஓட அது நசுங்கி நட்டு தானா லூஸ் ஆயிடும், நீ எவ்ளோ டைட் வச்சேங்கறது அப்போ கணக்குல வராது. அதனால ஹப்பு மூஞ்சிய, அதான் சக்கரம் வந்து ஒக்கார்ற எடத்த, ஒயர் பிரஷ் போட்டு தேய்ச்சிட்டு மாட்டு. மரைல கிரீஸ் தடவாத, கிரீஸ் போட்டா அதே டார்க்ல போல்டு ஜாஸ்தி இழுபடும். குறுக்கு குறுக்கா டைட் வை, வண்டிய கீழ எறக்குனப்புறம் கடைசி டைட் வை. பைப் சொருகி மேல ஏறி நின்னு டைட் வைக்கிற பழக்கம் இருந்தா விட்டுடு, டார்க் ரெஞ்சு வாங்கு, அளவு சர்வீஸ் புக்ல போட்டிருக்கும்.

அப்புறம் நம்ம ஏரியா உப்புக்காத்து. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வண்டி ஆறு மாசம் வெளில நின்னா பிரேக் பைப் கிளிப்பு உள்ள துரு புடிக்கும், வெளில இருந்து பாத்தா தெரியாது, கிளிப்ப கழட்டி பாக்கணும். போல்டு வாங்கும்போது தலைல பலத்துக்கான நம்பர் 8.8 இல்ல 10.9 போட்டிருக்கான்னு பாரு. ஒண்ணும் எழுதாத போல்ட சஸ்பென்ஷன்ல போடவே போடாத. கேட்டு, கிரில்லுக்கெல்லாம் போடுறது அது.

பாஹா_பழைய_கேப்டன்:
காலேஜ்ல பாஹா எஸ்ஏஇ இந்தியாவுக்கு (காலேஜ் பசங்க கட்டுன பக்கிக்கு நடக்கற போட்டி) வண்டி கட்டுன டீம்ல இருந்தேன். அங்க டெக்னிக்கல் இன்ஸ்பெக்‌ஷன் தாண்டுனாதான் பிரேக் டெஸ்ட், அதுல நாலு சக்கரமும் லாக் ஆவணும், ஆகலன்னா வண்டி ஓட முடியாது. அதனால பிரேக் பத்தி நான் சொல்றேன்.

நண்பா, முன் செட்டை பின்னாடி வச்சேன்னு சொன்னல்ல, காலிபர்ல (டிஸ்க்க கவ்வுற பிரேக் பாகம்) காத்த வெளியேத்துற பிளீட் நிப்பிள் எந்தப் பக்கம் பாக்குதுன்னு இப்பவே போய் பாரு. இடது வலது மாறியிருந்தாலோ சாச்சி மாட்டியிருந்தாலோ நிப்பிள் கீழ போயிடும், காத்து எப்பவும் மேலதான் நிக்கும், நீ ஒரு லிட்டர் ஆயில் ஓடவிட்டாலும் ஏர் வெளில வராது. எங்க மொத வண்டில இதே தப்பு, மூணு நாள், பெடல் மிதிச்சா ஆயில தள்ளுற மாஸ்டர் சிலிண்டர திட்டிட்டு இருந்தோம். நிப்பிள் மேல பாக்கணும், இல்லன்னா காலிபர கழட்டி, நடுவுல ஒரு கட்டைய குடுத்து, மேல பாக்க புடிச்சிட்டு ஏர் எடுக்கணும்.

ஏர் எடுத்ததும் எஞ்சின் ஓடாம பெடல பலமா மிதிச்சு ஒரு நிமிஷம் அப்படியே புடி. மெத்து மெத்துன்னு இருந்தா உள்ள ஏர் இருக்கு. கெட்டியா இருந்து மெதுவா கீழ எறங்குனா எங்கயோ ஒழுகுது, இல்ல மாஸ்டர் சிலிண்டர் உள்ள ரப்பர் போயிடுச்சு. மிதிச்சு புடிச்சிருக்கும்போதே இன்னொருத்தர் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் டிஷ்யூ பேப்பர் வச்சு தொட்டுப் பாக்கட்டும். பேட் மாத்துனா வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாற வரைக்கும் பம்ப் பண்ணிடு, மொத மிதில பெடல் நேரா கீழ போயிடும், எதிர்ல செவுரு இருந்தா அவ்ளோதான்.

ஆயில் பத்தி. திறந்து வச்ச பாட்டில்ல மிச்சம் இருக்கறத ஊத்தாத. பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் காத்துல சீக்கிரமே இழுக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி, தண்ணி இழுத்தப்புறம் அதோட அளவே 155 தான். சூட்டுல உள்ள ஆவி கட்டுனா பெடல் காலியா எறங்கிடும்.

அடுத்து ஓஸ். சக்கரம் தொங்கும்போது ஒரு தடவ, ஜாக்கி வச்சு சஸ்பென்ஷன முழுசா மேல தூக்கி ஒரு தடவ, முன்னாடி ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு ஒரு தடவ. ஓஸ் எங்கயும் இழுபடக்கூடாது, டயர்ல உரசக்கூடாது. லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் போல்டு மட்டும் வண்டி தரைல நிக்கிற உயரத்துலதான் கடைசி டைட், தொங்கும்போது டைட் வச்சா புஷ் முறுக்கிக்கிட்டு சீக்கிரம் கிழியும்.

இதெல்லாம் முடிஞ்சு மொத ஓட்டம் 10 ஸ்பீடு, நிறுத்திப் பாரு. அப்புறம் 20, பிரேக் அழுத்திப் பாரு, முன் சக்கரம் மொதல்ல லாக் ஆவணும், பின்னாடி மொதல்ல லாக் ஆனா வால் சுத்திக்கும். எறங்கி நாலு ஹப்பையும் கை வச்சு பாரு, ஒண்ணு மட்டும் ஜாஸ்தி சூடா இருந்தா அங்க பிரேக் புடிச்சிருக்கு இல்ல பேரிங் போயிருக்கு.

கொருக்குப்பேட்டை_வெல்டர்:
வெல்டிங் அடிச்சேன்னு சொன்னியே, அதுக்கு ரெண்டு வார்த்த. பேட்டரி மைனஸ கழட்டிட்டுதான் அடிக்கணும், பெட்ரோல் டேங்கு ஓஸ் எல்லாம் தள்ளி வை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஸ்பிரே போட்டு துடைச்ச எடத்துல வெல்டிங் வைக்கவே வைக்காத, அந்த சூட்டுல பாஸ்ஜீன்ங்கற விஷவாயு வரும், ஆள கொல்லும். விரிசல் வந்த எடத்துல மேலயே அடிச்சு மூடுனா பக்கத்துல திரும்ப விடும், அரைச்சு எடுத்துட்டு அடிச்சியா? ஏன் விரிசல் வந்துச்சுன்னும் பாரு, அந்த பிராக்கெட்டுக்கு குறுக்கு தாங்கல் இல்லன்னு நெனைக்கிறேன்.

தண்டையார்பேட்டை_தம்பி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொரு பதிலையும் பிரிண்ட் எடுத்து செவுத்துல ஒட்டிட்டேன். இன்னிக்கு காலைல தம்பி நான் மாட்டுனதெல்லாம் பாத்தான், நான் அவன் மாட்டுனத பாத்தேன், அக்காகிட்ட செவப்பு நெயில் பாலிஷ் வாங்கி கோடு போட்டோம். கேப்டன் அண்ணா, நீங்க சொன்னது சரி, இடது காலிபர்ல நிப்பிள் கீழதான் பாக்குது, இத்தன நாளா பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருந்ததுக்கு காரணம் இதுதான். நான் மாட்டுனதுல தம்பி இன்னும் ரெண்டு கண்டுபுடிச்சான், ஆக்ஸிலேட்டர் கேபிள் கிளிப்பு ஒண்ணு விட்டுப்போச்சு, எஞ்சின் மவுன்ட் போல்டு ஒண்ணு கையாலயே திரும்புது. வெல்டர் அண்ணா, நான் அரைக்காம மேலயே அடிச்சிட்டேன், நாளைக்கு திரும்ப கழட்டுறேன்.

ஒரு கேள்வி, எல்லாம் முடிஞ்சதும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல விடியக்காலைல ஒரே ஒரு தடவ எடுத்துப் பாக்கலாமா?

டிரெய்லர்_மணலி:
வேணாம் ப்ரோ. பதிவு இல்லாத வண்டி ரோட்டுல ஏறவே கூடாது, இன்சூரன்சும் கெடையாது. அந்த ரோட்டுல விடியக்காலைலதான் எங்க டிரெய்லரெல்லாம் வரிசையா வரும், உன் பக்கி எங்க டிரைவர் சீட்ல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாத உயரம். குடோன் வளாகத்துலயே ஓட்டு.

ரயில்பெட்டி_பெரம்பூர்:
ஆக்ஸிலேட்டருக்கு ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒண்ணா ரெண்டா தம்பி? ஒண்ணுதான்னா தனியா இன்னொண்ணு மாட்டு, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு மூடணும். சாவிய அணைக்காமலே எஞ்சின் நிக்கிற மாதிரி உக்காந்த எடத்துல கைக்கு எட்டுற ஒரு கட்-ஆஃப் சுவிட்சும், தீ அணைக்கிற ஒரு பவுடர் சிலிண்டரும் வை. அந்தப் பையன ஏத்துறதுக்கு முன்னாடி அம்பது கிலோமீட்டர் நீங்க ரெண்டு பேர் மட்டும் ஓட்டுங்க, கோடு எல்லாத்தையும் திரும்ப பாருங்க. ஞாயித்துக்கெழம நான் சும்மாதான் இருக்கேன், மாதவரம்னா கிட்டதான், வேணும்னா வந்து அடில படுத்து பாத்துட்டு போறேன், மூணாவது கண்ணும் இருக்கட்டும்.

தண்டையார்பேட்டை_தம்பி:
கண்டிப்பா வாங்க ஐயா. ஸ்பிரிங் ஒண்ணுதான் இருக்கு, இன்னிக்கே மாத்துறேன். ஜாக்கிய மட்டும் நம்பாம நாலு பக்கமும் ஸ்டாண்டு போட்டு வைக்கிறேன், நீங்க தைரியமா படுத்துப் பாக்கலாம்.