வாடகையில்லாமல் தறிக்கூடம் தருகிறார்கள்: ஓவியர்கள் ஏற்கலாமா?

கேள்வி: குகைத் தெருக்காரன்

சேலம் குகைப் பகுதியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை ஆகியவற்றில் ஈடுபட்டுவருகிறோம். எல்லோருக்கும் வீடு சிறியது. ஆறடி கேன்வாஸை நிமிர்த்தி வைத்தால் வீட்டிலுள்ளவர்கள் நடமாட வழியிருக்காது. சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தில் பணிக்கூட வசதி உண்டு என்றாலும், பகலில் அச்சகத்திலும் கடையிலும் வேலை பார்க்கும் நாங்கள் ஊரை விட்டுப் போக முடியாது.

இந்நிலையில், பழைய தறிக்கூடம் ஒன்றின் உரிமையாளர் அதை இரண்டு ஆண்டுகளுக்கு வாடகை இல்லாமல் தருவதாகச் சொல்கிறார். ஓட்டுக் கூரையில் இடையிடையே கண்ணாடி ஓடுகள் பதித்திருப்பதால் பகல் முழுவதும் நல்ல வெளிச்சம் விழுகிறது. தறிக்குழிகளைப் பலகை போட்டு மூடிவிட்டால் தாராளமாக வேலை செய்யலாம். பதிலுக்கு நாங்கள் கூடத்தைச் செப்பனிட வேண்டும், தெருப்பக்கச் சுவர் முழுவதும் ஓவியம் வரைய வேண்டும், வெளியூர்க்காரர்கள் வரும்படி மாதந்தோறும் கண்காட்சி நடத்த வேண்டும், ஏற்காட்டில் அவருடைய உறவினர் கட்டிவரும் விடுதிக்குக் கோடை விழாவுக்கு முன்பு சில படங்கள் கொடுக்க வேண்டும். எல்லாம் வாய்ப்பேச்சாகவே இருக்கிறது. வளாகத்தின் பின்பகுதியில் இரண்டு நெசவாளர் குடும்பங்கள் குறைந்த வாடகையில் குடியிருந்து கூலிக்கு நெய்கின்றன.

எங்களுக்குள் பாதிப் பேர் உடனே ஒப்புக்கொள்ளலாம் என்கிறார்கள். மற்றவர்களுக்குத் தயக்கம் இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1: கோட்டோவியம்

அந்த உரிமையாளர் உங்களை ஏமாற்ற நினைக்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கேட்பவற்றை வரிசையாகப் படித்துப் பாருங்கள்: செப்பனிடுதல், முகப்பு ஓவியம், வெளியாட்களின் வருகை. ஒரு மனையை விற்பதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைகள் எல்லாம் இதில் அடங்கிவிட்டன.

நியூயார்க்கின் சோஹோ பகுதியில் இது முழுமையாக நடந்து முடிந்திருக்கிறது. துணி ஆலைகளும் சிறு தொழிற்கூடங்களும் வெளியேறிய பிறகு காலியாகக் கிடந்த உயரமான தளங்களில், குடியிருக்கச் சட்டப்படி அனுமதி இல்லாத நிலையிலும், 1960களில் ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினார்கள். பலர் தண்ணீர்க் குழாயையும் மின்கம்பியையும் தங்கள் செலவில் போட்டுக்கொண்டார்கள். 1971இல், கலைஞர் என்று நகர நிர்வாகத்திடம் சான்று பெற்றவர்கள் அங்கே வாழ்ந்து வேலை செய்யலாம் என்று விதி மாற்றப்பட்டது. கேலரிகளும் உணவகங்களும் வந்தன, வாடகை ஏறியது. இத்தகைய கட்டடங்களில் குடியிருப்போரைக் காக்க 1982இல் தனிச் சட்டம் வந்தும், 1990களில் கேலரிகளே வாடகை தாங்காமல் செல்சீ பகுதிக்கு நகர்ந்தன. சோஹோவில் அவை விட்டுச்சென்ற இடத்தை இன்று பெரிய துணிக்கடைகள் நிரப்பியிருக்கின்றன. அந்தத் தெருக்களுக்கு மதிப்பைக் கூட்டியதில் ஓவியர்களின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மதிப்பு போய்ச் சேர்ந்ததோ கட்டட உரிமையாளர்களிடம்.

அதே நகரத்தில், தொலைபேசி ஆய்வுக்கூடமாக இருந்த வெஸ்ட்பெத் கட்டடம் 1970இல் கலைஞர்களுக்கான குறைந்த வாடகைக் குடியிருப்பாகத் திறக்கப்பட்டு, இன்றுவரை அப்படியே நீடிக்கிறது. வாடகையை ஏற்றி லாபம் பார்க்கும் ஒருவர் கையில் அந்தக் கட்டடம் இல்லாததே இதற்குக் காரணம். ஆகவே இரண்டு ஆண்டு முடிந்ததும் இடம் யாருக்கு, என்ன விலைக்குப் போகும் என்பதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பதில் 2: அஸ்தம்பட்டி வாசகர்

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் திரைப்பட நிறுவனம் நம் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்கள் அங்கே உருவாயின. அரங்கம் அமைத்த தச்சர்கள், திரைச்சீலை தீட்டியவர்கள், தையற்காரர்கள், மின்பணியாளர்கள் என்று எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டது. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது, உள்ளே குடியிருப்புகள் வந்துவிட்டன. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

இதற்கு மாறாக, சென்னைக்கு அருகே ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் 1966இல் அமைந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு நிலத்தையும் வீடுகளையும் ஏற்படுத்திக்கொண்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விலை எங்கோ போய்விட்ட பிறகும் அந்தக் கிராமம் கலைஞர்களிடமே இருக்கிறது. உங்களில் அச்சுக்கலை தெரிந்தவர்கள் இருப்பதால், ஒரு சிறிய இடத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கூட்டாகச் சம்பாதித்துச் சேமிப்பது முடியாத காரியம் இல்லை.

பதில் 3: பாவு நூல்

நான் நெசவாளர் வீட்டுப் பெண். பின்பக்கம் இருக்கும் அந்த இரண்டு குடும்பங்களைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. முன்பக்கம் கலைக்கூடம் ஆனதும் அவர்களுடைய வாடகை ஏறும், அல்லது காலி செய்யச் சொல்வார்கள். தறி என்பது சட்டென்று தூக்கிக்கொண்டு போகிற பொருளா? குழித்தறியை வேறு வீட்டில் இறக்க வேண்டுமானால் அங்கே தரையைத் தோண்ட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தினால் அந்த வாரக் கூலி போய்விடும். கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தைப் பாராட்டியிருக்கிறீர்கள். அந்த ஓடுகள் புட்டா என்னும் பூ வேலைப்பாட்டுக்கு நூல் எண்ணுகிறவர்களுக்காகப் பதித்தவை. அவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. கண்காட்சியன்று சாரம் கட்டுபவர், படம் மாட்டுபவர், சமையல் செய்பவர், இரவில் காவல் இருப்பவர் ஆகியோருக்குக் கூலி உண்டா, அல்லது நட்புக்காகச் செய்துவிடுவார்கள் என்று விட்டுவிடுவீர்களா? கலைஞருக்கே 'பெயர் கிடைக்கும்' என்று சொல்லிக் கட்டணம் தராத வழக்கத்தை எதிர்த்து, 2008இல் நியூயார்க்கில் 'வேஜ்' (கூலி) என்ற அமைப்பைக் கலைஞர்களே தொடங்கினார்கள். ஏற்காட்டு விடுதிக்குக் கொடுக்கும் படங்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

பதில் 4: சார்பதிவாளர் அலுவலகம் எதிரில்

பத்திர எழுத்து வேலையில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். வாடகையே இல்லாமல் இருந்தால் நீங்கள் அனுமதியின் பேரில் இருப்பவர்கள் என்றுதான் கருதப்படுவீர்கள். எப்போது போகச் சொன்னாலும் வாதாடுவது கடினம். ஆகவே ஒரு தொகையை வாடகையாக நிர்ணயித்து வங்கி வழியாகச் செலுத்துங்கள், செப்பனிடும் செலவை அதில் கழித்துக்கொள்வதாக எழுதுங்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்தாக வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி சங்கம் அமைக்க ஏழு பேர் போதும். உங்களிடம் அந்த எண்ணிக்கை இருக்கிறது. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்.

கேட்டவர்: குகைத் தெருக்காரன்

எல்லோருக்கும் நன்றி. பாவு நூல் அக்கா சொன்னபடி முதலில் அந்த இரண்டு குடும்பங்களிடம் பேசுகிறோம். அவர்களுடைய வாடகையையும் கால அளவையும் எழுதித் தர உரிமையாளர் மறுத்தால் இந்தக் கூடம் எங்களுக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். சுவர் ஓவியத்துக்குக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பதில் 5: அஸ்தம்பட்டி வாசகர்

சுவர் விளம்பரம் எழுதுபவர்களைப் போலச் சதுர அடிக் கணக்கில் கேளுங்கள். வடிவமைப்புக்குத் தனித் தொகை வாங்குங்கள். சாரம், பிரைமர், பெயிண்ட் மூன்றும் உரிமையாளர் செலவாக இருக்கட்டும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.