அனுபவப் பகிர்வு: யாரும் திருத்தக்கூடிய இணையப் பன்மொழி அகராதியில் உங்களுக்கு இன்னும் உறுத்துகிற ஒரு பதிவு

நொய்யல்கரை:
‘கௌசிகா’. நொய்யலில் போய்ச் சேர்கிற ஆறு, இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் அடித்தால் அப்படி ஒரு பக்கமே இல்லை என்கிறது. ‘ஆறுகள்’ பகுப்பை, அதாவது ஒரே வகைப் பக்கங்களின் பட்டியலைத் திறந்தால் அதே பேர் முகத்துக்கு நேரே நிற்கிறது! தலைச்சொல்லில் இருந்தது ஔகாரக் குறி இல்லைங்க. ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கொ, கோ எழுத்துகளைக் கொம்பும் காலுமாகத் துண்டு துண்டாக அடித்தாலும் சேமிக்கும்போது மென்பொருள் ஒரே குறியாக்கிவிடும். ளகரம் முழு எழுத்து என்பதால் இதை மட்டும் தொடாது. சோதிக்க, எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டுங்க. ‘க’ மிஞ்சினால் சரி, ‘கெ’ மிஞ்சினால் தப்பு. பக்கத்தைச் சரியான தலைப்புக்கு நகர்த்திவிட்டு, பழையதை, புதுத் தலைப்புக்குத் தானாகக் கொண்டுபோய் விடுகிற வழிமாற்றாக விட்டுவையுங்க. நிறையப் பேர் இன்னும் அப்படித்தான் அடிக்கிறார்கள்.

பவானிக்கூடல்:
சோதனை சரிதானுங்க. வழிமாற்றுதான் எனக்கு ஒப்பவில்லை. பிழைத் தலைப்பைத் தேடல் பெட்டியே எடுத்துக் கொடுத்தால், பார்க்கிறவர் அதையே நகலெடுத்துப் போவார். பழைய தலைப்புக்கு வருகிற இணைப்புகளை முதலில் திருத்திவிட்டு, வழிமாற்றை நீக்கச் சொல்வதே முறை.

எனக்கு உறுத்துவது ‘பழமை’. அதில் ஒரே பொருள்தான் இருந்தது: தொன்மை. ஆங்கிலம், கன்னடம், தெலுங்கு மொழிபெயர்ப்புகளுக்கு முன்னால் கையால் (1) என்று போட்டிருந்தார்கள். அப்புறம் ஒருத்தர் ‘பேச்சு’ என்ற கொங்கு வழக்கைச் சேர்த்தார். சேர்க்க வேண்டியதுதான், ஆனால் மேலே வைத்துவிட்டார். பொருள்வரிசை எண் தானாக ஓடுவதால் தொன்மை இரண்டாவதாக இறங்கியது. மொழிபெயர்ப்பில் இருந்த (1) நகரவில்லை. ‘சித்தெ பழமை பேசிட்டுப் போங்க’ என்ற எடுத்துக்காட்டுக்குத் தொன்மைக்கான ஆங்கிலச் சொல்! மூன்று மொழியும் ஒட்டுக்காத் தப்பு. எண்ணே வேண்டாம். ஒவ்வொரு மொழிபெயர்ப்புப் பெட்டிக்கும் தலைப்பாகப் பொருளையே எழுதுங்க: ‘தொன்மை’, ‘பேச்சு’. புதுப் பொருள் எங்கே நுழைந்தாலும் பெட்டி தன் பொருளை விட்டுப் போகாது.

காங்கேயம்பக்கம்:
‘சேர்’. ஏவல் வடிவில் தலைச்சொல் வைத்ததால் சேர்தலும் சேர்த்தலும் ஒரே ‘வினைச்சொல்’ தலைப்பின் கீழ் கிடக்கின்றன. ‘ஊர் போய்ச் சேர்ந்தார்’ என்ற வரிக்கு அடுத்து ‘உப்பைச் சேர்த்தாள்’. தமிழ் படிக்கிற வேற்றுமொழிக்காரர் இதில் இறந்தகாலத்தை எங்கே பிடிப்பார்? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி போல -தல், -த்தல் என்று வைத்தால் இரண்டும் தாமே பிரியும். ஏவல்தான் வேண்டுமென்றால் வினைத் தலைப்பு இரண்டு போட்டு, இரண்டிலும் முக்கால வடிவம் கொடுக்கணும்: சேர்கிறேன், சேர்ந்தேன், சேர்வேன், சேர்க்கிறேன், சேர்த்தேன், சேர்ப்பேன்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வட்டார வழக்கு ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் தமிழ் மட்டும் இருந்தாலும் மொழித்தலைப்பை விடாதீங்க. இருளரும் படகரும் பேசுகிற மொழிகளைத் தமிழ் எழுத்திலும் எழுதுகிறார்கள். நாளைக்கு அதே எழுத்துக்கூட்டலில் அந்தச் சொல்லும் இதே பக்கத்துக்குத்தான் வரும். மொழித்தலைப்புக்கு இருபுறமும் இரண்டு சமக்குறி, சொல்வகைக்கு மூன்று. மாற்றிப் போட்டால் உள்ளடக்கப் பட்டியலில் பெயர்ச்சொல் ஒரு மொழியாக நிற்கும். பொடக்காலி, புடக்காலி, பொடக்காணி என்று மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் ஒன்றில் மட்டும் முழுப்பதிவு. மற்ற இரண்டிலும் ‘மாற்று வடிவம்’ என்று ஒரு வரியும் இணைப்பும் போதும். பொருளை மூன்றிலும் ஒட்டினால், ஒன்றைத் திருத்தும்போது மற்ற இரண்டும் பழையபடியே கிடக்கும். வட்டாரக் குறியை வார்ப்புருவால் (பக்கத்தைப் பகுப்பிலும் தானாகச் சேர்க்கிற ஆயத்தக் குறிப்பு) மட்டும் போடுங்க. ஒருத்தர் (கோவை), ஒருத்தர் (ஈரோடு), இன்னொருத்தர் (கொங்கு வழக்கு) என்று கையால் அடைப்புக்குறி போட்டால் பக்கம் பகுப்பில் சேராது. பிறகு கொங்குச் சொற்களை ஒருசேர எடுக்க வழியில்லை. அப்புச்சிக்குப் பொருள் ‘தாத்தா’ என்றால் போதாது. ‘தாயின் தந்தை’ என்று எழுதணும். தந்தையின் தந்தையான அப்பாருக்கும் தாத்தா என்றே இருந்தால் வேற்றுமொழிக்காரருக்கு இரண்டும் ஒருவரே.

சென்னிமலை:
பவானிக்கூடல் சொல்வது ‘ஸ்ரீ’க்குப் பொருந்தாதுங்க. அதற்கு இரண்டு குறியீட்டு வழி உண்டு. 2005இல், எழுத்துகளுக்கு எண் தருகிற யூனிகோடு தரத்தின் 4.1 பதிப்பில் ‘ஶ’ வருவதற்கு முன்னால் எல்லோரும் ஸகரத்தை வைத்தே அடித்தார்கள். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், மென்பொருள் ஒன்றாக்காது. எதையும் பிழை என்று தள்ள முடியாது, வழிமாற்று வேண்டியதே.

நான் சொல்ல வந்தது வரிசை. பகுப்பில் ‘அகம்’ முன்னால், ‘அக்கட்ட’ பின்னால். ‘கறி’க்கு அப்புறம் ‘கல்’. தமிழ் அகரவரிசைக்கு இரண்டும் தலைகீழ். யூனிகோடு எண்படி அடுக்கினால் புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் போகும், றகரம் ரகரத்தை ஒட்டி நிற்கும். சொல்லை எந்த இடத்தில் அடுக்க வேண்டும் என்று காட்டுகிற வரிசைத்திறவைப் பக்கம் பக்கமாக எழுதித் தீராது. தளத்தின் வரிசைவிதியைத் தமிழுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கணும். மாற்றிய பிறகு பகுப்புகளை மறுபடி அடுக்கும் நிரலை ஓட்டினார்களா என்று பாருங்க. ஓட்டாவிட்டால் பழைய அடுக்கும் புதிய அடுக்கும் கலந்து நிற்கும். கையால் போட்ட திறவுகளை அப்போதே எடுத்துவிடுங்க, புது விதியிலும் அவை சொல்லை வேறு இடத்துக்கு இழுக்கும்.